நான்காவது ரீடு

அன்று நான் பொய் சொல்லவில்லை, நான்கு விரலைத் தூக்கிக் காட்டினேன், அவ்வளவுதான். டிசம்பரிலிருந்து மார்ச் வரை எனக்கு நானே இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ராத்திரி படுக்கும்போதும் அதைச் சொல்லிக்கொண்டுதான் படுத்தேன். தூக்கம் மட்டும் வரவில்லை.

துரிங்கியா மலையடிவாரத்தில் எங்கள் ஊர். ஊர் சின்னது, ஆனாலும் சொந்தமாக ஒரு ஆர்க்கெஸ்ட்ரா வைத்திருக்கிறது. அதில் நான் பத்தொன்பது வருஷமாக இரண்டாவது கிளாரினெட். முதல் கிளாரினெட்காரர் ஓய்வு பெற்றபோது அந்த நாற்காலிக்கு நானும் விண்ணப்பித்தேன். தேர்வில் வாசிப்பவர்களைத் திரைக்குப் பின்னால் நிறுத்திவிடுவார்கள். கேட்பவர்களுக்கு யார் என்று தெரியாது, எண் மட்டும்தான். நான் ஏழாம் எண். இரண்டாவது சுற்றிலேயே ஏழாம் எண்ணை அனுப்பிவிட்டார்கள். பத்தொன்பது வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவர்களுக்கு என் தொனி அடையாளம் தெரியவில்லை. அல்லது தெரிந்துதான் அனுப்பினார்களோ என்னவோ. ஜெயித்தது பதினொன்று. திரையை விலக்கினால், முப்பத்தாறு வயசு, பாதி வழுக்கை, முழங்கையில் நூல் பிரிந்த ஸ்வெட்டர். தீலோ பிராண்டிஸ் என்று பேர்.

நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் அந்தத் தேர்வாளர்கள் மேல் வந்திருக்க வேண்டும். அவர்களோடு தினமும் காபி குடிக்க வேண்டியிருந்தது, அதனால் தீலோ மேல் வந்தது. இதில் பெரிய கொடுமை, ஆள் நல்லவர். அலட்டல் கிடையாது. முதல் நாளே என்னிடம் வந்து, "இந்த ஊரு ஹால்ல எங்க சத்தம் நல்லா விழும், எங்க விழாதுன்னு உங்களுக்குத்தான் தெரியும் இர்மேலா. நான் தப்புப் பண்ணா சொல்லிடுங்க, மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். நான் மனசில் வைத்துக்கொண்டேன்.

தேர்வில் ஜெயித்தால் மட்டும் வேலை நிரந்தரமாகிவிடாது. பத்து மாதம் கூட உட்கார்ந்து வாசிக்க வேண்டும். அதன் பிறகு ஆர்க்கெஸ்ட்ரா முழுக்கக் கூடி வாக்குப் போடும். மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் அந்த நாற்காலி ஆயுசுக்கும் அவருடையது. கிடைக்காவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். தீலோ மே மாதம் சேர்ந்தார். வாக்கெடுப்பு மார்ச்சில்.

ரீடைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நாணல் தட்டையைச் சீவிச் செய்த, கட்டைவிரல் அகலம்கூட இல்லாத ஒரு துண்டு அது. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் வைத்து நாங்கள் நூலால் சுற்றிக் கட்டுவோம். மற்ற நாட்டுக்காரர்கள் உலோகப் பட்டையால் இறுக்கிக்கொள்வார்கள், எங்களுக்கு நூல்தான். பெட்டிக்குப் பத்து ரீடு இருக்கும். அதில் இரண்டு உருப்படியாக இருந்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம். அந்த இரண்டும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பேசாது. ஹீட்டர் போட்ட அறையில் ஒரு மாதிரி, மழை நாளில் ஒரு மாதிரி, காலி ஹாலில் ஒரு மாதிரி, ஆள் நிறைந்த ஹாலில் வேறு மாதிரி. நேற்றைக்குத் தேன் மாதிரி இருந்தது இன்றைக்குத் தகர டப்பா மாதிரி கத்தும்.

இதை ஊதுகிறவரே சரியாகத் தேர்ந்தெடுக்க முடியாது. அவருக்குத் தன் சத்தம் பல் வழியாக, மண்டை ஓடு வழியாகக் கேட்கும். வெளியே எப்படிப் போய் விழுகிறது என்று தெரியாது. அதனால் எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் மேடையில் நின்று ஒவ்வொரு ரீடாகக் கட்டி, எண்ணைச் சொல்லிவிட்டு, அதே எட்டு அடியைத் திரும்பத் திரும்ப வாசிப்பார். இன்னொருவர் கடைசி வரிசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும் கையைத் தலைக்கு மேல் தூக்கி விரலால் எண்ணைக் காட்டுவார். காட்டியது காட்டியதுதான். வாசிப்பவர் எதிர்த்துப் பேசுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான் செய்தார்கள். ஒருவர் காதை இன்னொருவர் நம்பியே ஆக வேண்டிய வேலை இது.

மே முதல் நவம்பர் வரை நான் தீலோவுக்கு ஒழுங்காகத்தான் கேட்டுச் சொன்னேன். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

டிசம்பரில் மலைமேல் இருக்கும் மார்ட்டின் சர்ச்சில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய கச்சேரி. ஊரே வரும். அந்த வருஷக் கச்சேரியில் நடுவில் ஒரு மெதுவான பகுதி, கிளாரினெட் தனியாக மூன்று நிமிஷம் பாட வேண்டும். வாக்கெடுப்புக்கு முன்னால் தீலோவுக்குக் கிடைத்த பெரிய தனி வாசிப்பு அதுதான். அன்று காலையில் நாங்கள் இரண்டு பேரும் ரீடு பார்க்க சர்ச்சுக்குப் போனோம். உள்ளே குளிரில் வாயிலிருந்து புகை வந்தது. அவர் விரல் மட்டும் வெளியே தெரிகிற கையுறை போட்டிருந்தார்.

ஐந்து ரீடு வாசித்தார். ஒன்றும் மூன்றும் ஐந்தும் பேச்சுக்கே லாயக்கில்லை. இரண்டாவது கொஞ்சம் கனமானது. காலிக் கல்கட்டிடத்தில் அதன் ஓரம் கூராகக் கேட்டது, சுவரில் பட்டுத் திரும்பிவந்து காதில் குத்தியது. நான்காவது மெல்லியது. வெண்ணெய் மாதிரி இறங்கியது. காலி சர்ச்சில் கேட்கிற யாரும் நான்கைத்தான் சொல்வார்கள்.

ஆனால் நான் யாரோ இல்லை. அந்த சர்ச்சில் பத்தொன்பது டிசம்பர் வாசித்திருக்கிறேன். சாயங்காலம் அறுநூறு பேர் பனியில் நனைந்த கம்பளிக் கோட்டோடு வந்து உட்காருவார்கள். அத்தனை கம்பளியும் சத்தத்தைக் குடித்துவிடும். அறுநூறு பேர் விடும் மூச்சில் காற்று ஈரமாகும், குளிர்ந்த கிளாரினெட்டுக்குள் தண்ணீர் கோக்கும், மெல்லிய ரீடு அதைக் குடித்து ஊறிப்போய் அடைத்துக்கொள்ளும். இரண்டாவதின் அந்தக் கூர் ஆள் நிறைந்ததும் மழுங்கி, அழகாகக் கடைசி பெஞ்ச் வரை போகும். இதெல்லாம் எனக்குப் பாடம் மாதிரி தெரியும். தீலோவுக்கு அது அந்த சர்ச்சில் முதல் டிசம்பர்.

கையைத் தூக்கினேன். நான்கு விரல்.

முதலில் சொன்னேனே, விரலைக் காட்டியதோடு சரி என்று. அதுவும் உண்மையில்லை. வாயையும் திறந்தேன்.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். "நாலா? நான் ரெண்டுன்னு நெனச்சேன். ஊதும்போது ரெண்டுல ஒரு பிடி இருந்துச்சு."

"ரெண்டா? வாத்து கத்துற மாதிரி இருந்துச்சு தீலோ."

"ஐயையோ, வாத்தா!" என்று சிரித்தார். "எனக்கு அது தெரியவே இல்லயே."

"உங்களுக்குத் தெரியாது. எனக்குத்தான தெரியும்."

"அதுவும் சரிதான். வாத்த எடுத்துட்டுப் போய் ஊர் முன்னாடி நின்னிருந்தா மானம் போயிருக்கும். நல்லவேளை நீங்க இருந்தீங்க" என்றவர், வெளியே வந்ததும் கடையில் கிராம்பு போட்டுச் சூடாக்கிய ஒயின் எனக்கும் ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். இறங்கியது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கச்சேரி. நான் அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில். முதல் அடி வாசித்ததுமே தெரிந்துவிட்டது. சத்தம் எங்கள் நோட்டு ஸ்டாண்டைத் தாண்டி ஒரு கஜம் போய் அங்கேயே விழுந்தது. அவர் இன்னும் அழுத்தினார். அழுத்தினால் மெல்லிய ரீடு மூடிக்கொள்ளும். மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் சத்தம் வரவில்லை, வெறும் காற்று வந்தது. எங்களை நடத்தும் கண்டக்டர் இடது கையை இன்னும், இன்னும் என்று தூக்கினார். தீலோவின் காதுமடல் சிவந்துபோனது. கழுத்து நரம்பு புடைத்தது. மூன்று நிமிஷம் அப்படியே போராடினார். அதில் ஒரு கணமாவது எனக்குச் சந்தோஷம் வந்ததா என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வந்தது. முதல் நாலு அடிக்கு வந்தது. அதற்குப் பிறகு வரவே இல்லை.

அன்று வேலை இல்லாத வயலின்காரர்கள் சிலர் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டிருந்தார்கள். கோட்டு மாட்டும்போதே ஒருத்தி சொல்வது காதில் விழுந்தது. "பாவம், நல்லா வாசிக்கிறார். ஆனா சத்தம் சின்னது." ஆர்க்கெஸ்ட்ராவில் ஒருவர் மேல் இப்படி ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டால் பிய்த்தாலும் வராது. மறுவாரமே ஐம்பது பேருக்கும் அது தெரிந்திருந்தது. தீலோ என்றால் சின்ன சத்தம்.

திங்கட்கிழமை ஒத்திகைக்கு முன்னால் தீலோ என்னைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன். திட்டிவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தேன்.

"இர்மேலா, மன்னிச்சிருங்க."

"எதுக்கு?"

"நீங்க எவ்வளவு நல்ல ரீடு எடுத்துக் குடுத்தீங்க. என்னால அத வாசிக்க முடியல. எனக்கு மூச்சு பத்தல போலருக்கு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "குளிர் அப்படி" என்றேன். "எல்லாருக்கும் ஒரு நாள் அப்படி ஆகும்." இதைச் சொல்லும்போது அவர் தோளில் வேறு தட்டிக்கொடுத்தேன். அந்தக் கையை என்ன செய்தால் தகும்.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஒரு கச்சேரியை எல்லோரும் கோடைக்குள் மறந்திருப்பார்கள். தீலோ மறக்கவில்லை. தனக்கு எது வாத்து, எது வெண்ணெய் என்றே கேட்கத் தெரியவில்லை என்று முடிவு கட்டிவிட்டார். ஊதும்போது பிடி இருப்பதாகத் தோன்றிய ரீடையெல்லாம் சந்தேகப்பட்டார். ஒத்திகை இடைவேளையில் எல்லோரும் காபிக்குப் போனால் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து உப்புத்தாளால் ரீடைத் தேய்த்துக்கொண்டிருப்பார். நல்ல கனமான ரீடைத் தேய்த்துத் தேய்த்து மெல்லிசாக்குவார். "இப்ப வாத்து போயிடுச்சா?" என்று என்னிடம் கேட்பார். ஜனவரியில் அவருடைய தொனி நிஜமாகவே சின்னதாகிவிட்டது. திரைக்குப் பின்னால் பதினொன்றாம் எண் வாசித்ததை, வெளியே நடைவழியில் நின்று நானும் கேட்டேனே, அந்தத் தொனி எங்கே போயிற்று? நான் சொன்ன ஒரு வார்த்தை அதைத் தேய்த்துவிட்டது.

"தேய்க்காதீங்க, கனமாவே வெச்சுக்கோங்க" என்று பிப்ரவரியில் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எனக்காகச் சொல்றீங்க" என்று புன்னகைத்தார். "உங்களுக்கு நல்ல மனசு."

மார்ச் பதினாலாம் தேதி வாக்கெடுப்பு. ஐம்பது பேரில் ஒத்திகை அறைக்கு வந்திருந்தது நாற்பத்துநாலு பேர். தீலோ வெளியே அனுப்பப்பட்டிருந்தார். கூட்டத்தை நடத்தியவர் எக்பெர்ட், செல்லோ வாசிப்பவர், வாத்தியக்காரர்கள் குழுவின் தலைவர். வாய்த்துடுக்கு ஜாஸ்தி, மனசு மோசமில்லை. வழக்கப்படி, வாக்குப் போடும் முன் அந்தப் பிரிவைச் சேர்ந்தவர் முதலில் பேச வேண்டும். கிளாரினெட் பிரிவில் தீலோவை விட்டால் நான் ஒருத்திதான்.

எழுந்து நின்று சொன்னேன், நல்ல கலைஞர், நேரத்துக்கு வருகிறார், சேர்ந்து வாசிக்க அருமையானவர், நான் ஆதரிக்கிறேன். பள்ளிக்கூட நடத்தைச் சான்றிதழ் மாதிரி இருந்தது.

"அதெல்லாம் சரிம்மா" என்றார் எக்பெர்ட். "நம்ம எல்லார் மனசுலயும் இருக்கறத நானே கேட்டுடறேன். சர்ச்சுல என்ன ஆச்சு? நீ பக்கத்துலயே உக்காந்திருந்த. ஆளுக்கு அவ்வளவுதான் சத்தமா, இல்ல வேற ஏதாவதா?"

இதைவிட நேராக ஒரு கேள்வியை யாரும் கேட்க முடியாது. கதவைத் திறந்து வைத்து, வா என்று கூப்பிட்ட மாதிரி இருந்தது. நாற்பத்துமூன்று பேர் என்னைப் பார்த்தார்கள். இரண்டே வாக்கியம் போதும். ரீடைத் தப்பாக எடுத்துக் கொடுத்தது நான். தெரிந்துதான் கொடுத்தேன்.

"சர்ச் ரொம்பக் குளிரா இருந்துச்சு" என்றேன்.

"குளிர் எல்லாருக்கும்தான் இருந்துச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, சிலர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

முப்பது வாக்கு வேண்டும். இருபத்தேழு விழுந்தது.

மறுநாள் காலை எக்பெர்ட் வீட்டுக்குப் போனேன். முதலில் தீலோவிடம் போயிருக்க வேண்டும், தைரியம் வரவில்லை. எக்பெர்ட் சமையலறையில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"இத நேத்து சொல்லியிருந்தா மூணு ஓட்டு என்ன, எதிர்த்த அத்தனை ஓட்டும் திரும்பியிருக்கும்" என்றார்.

"மறுபடி வாக்கெடுப்பு வெக்கலாமா?"

"எந்த விதியில வெக்கறது? முடிஞ்சது முடிஞ்சதும்மா. இனிமே நீ சொல்லி யாருக்கு என்ன லாபம்? உன் பேரும் கெடும், அவன் வலியும் கூடும். அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத, அவனாவது நிம்மதியாப் போகட்டும்." கத்தியை எடுத்து மறுபடி தடவ ஆரம்பித்தார். "அப்புறம், ஞாயித்துக்கிழமை கச்சேரிக்கு வர மாட்டேன்னு தீலோ நேத்தே சொல்லிட்டான். முதல் நாற்காலியில நீதான் உக்காரணும். வேற ஆளு ஏது?"

பத்தொன்பது வருஷமாக ஆசைப்பட்ட வார்த்தையை வெண்ணெய்க் கத்தியோடு, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னார். தண்டனை கொடுப்பார் என்று போன இடத்தில் நாற்காலியைக் கொடுத்து அனுப்பினார்.

எக்பெர்ட் பேச்சைக் கேட்டிருக்கலாம். கேட்காமல் நேராகத் தீலோவின் வீட்டுக்குப் போனேன். நல்ல மனசு இல்லை அது, சுமக்க முடியவில்லை, அதுதான் காரணம். அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். அவர் புத்தகங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று சொல்லத் தொடங்கினேன். அறுநூறு கம்பளிக் கோட்டுகளைப் பற்றி, ஈரத்தைப் பற்றி, நான்காவது ரீடைப் பற்றி, எனக்கு முன்பே தெரியும் என்பதைப் பற்றி. வாத்து என்று சொன்னேனே, அது பச்சைப் பொய் என்று சொன்னேன். அந்த நாற்காலிக்காகத்தான் செய்தேன் என்றும் சொன்னேன்.

அவர் எழுந்து வந்தார். கை ஓங்கினாலும் ஆச்சரியமில்லை என்று நின்றேன்.

"அப்ப ரெண்டு நல்லாருந்துச்சா?"

"இருந்ததுலயே அதுதான் நல்ல ரீடு."

"ரெண்டுதானே? நிச்சயமா?"

"நிச்சயமா ரெண்டுதான்."

"எனக்குக் கேட்டுச்சு" என்றார். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "எனக்குக் கேட்டுச்சு இர்மேலா! அப்ப என் காது கெட்டுப்போகல. மூணு மாசமா நான் செவிடுன்னு நெனச்சிட்டு இருந்தேன். டாக்டர்கிட்டகூடப் போய்க் காட்டினேன்." சிரித்தார். கண்ணில் தண்ணீர் நின்றது. என்னால் பார்க்க முடியவில்லை. திட்டுவார், அழுவார், கதவைச் சாத்துவார் என்று எல்லாவற்றுக்கும் தயாராகிப் போயிருந்தேன். சந்தோஷப்படுவார் என்று மட்டும் நினைக்கவே இல்லை.

சிரிப்பு மெல்ல அடங்கியது. அதற்குப் பிறகுதான் மிச்சமும் அவருக்கு உறைத்தது.

"நேத்து கூட்டத்துல உங்ககிட்ட கேட்டாங்களா? சர்ச்சுல என்ன ஆச்சுன்னு?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"குளிருன்னு சொன்னேன்."

தலையை ஆட்டினார். கையிலிருந்த செய்தித்தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "டிசம்பர்ல பண்ணீங்களே, அத என்னால புரிஞ்சுக்க முடியுது" என்றார். "ஆத்திரம். எனக்கும் வரும். நேத்து பண்ணதத்தான் புரிஞ்சுக்க முடியல."

எனக்கும் புரியவில்லை. அதையே சொன்னேன். அவர் அந்தத் தாளை ஒரு பெட்டிக்குள் போட்டார்.

"ஞாயித்துக்கிழமை யாரு முதல்ல வாசிக்கறா?"

"நான்தான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி யோசித்தார், தினமும் ஒத்திகைக்கு முன்னால் யோசிப்பாரே, அதே மாதிரி.

"ரீடு பாத்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"கடைசி வரிசையில யாரு உக்காருவா?"

"யாரும் இல்ல."

"அது டவுன் ஹால்ல. ஹீட்டர் முழுசா ஓடும்" என்றார். "உங்க ரீடெல்லாம் அங்க நுனி காஞ்சு வளைஞ்சுபோகும், பத்து மாசமா பாத்திருக்கேன். காலையில எடுக்காதீங்க, ஹீட்டர் போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு எடுங்க. அந்த மரச்சுவர் கூர்மையாத் திருப்பி அடிக்கும். அதனால உங்களுக்குக் கொஞ்சம் மந்தமா இருக்கிறதாத் தோணுறத எடுங்க, அதுதான் வெளிய சரியாக் கேக்கும். இன்னொரு ரீட ஈரமா பக்கத்துலயே வெச்சுக்கோங்க."

சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஓங்கிச் சாத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சொன்னபடியே எல்லாம் செய்தேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பாக இல்லை. இத்தனை வருஷத்தில் நான் இவ்வளவு நன்றாக வாசித்துக் கேட்டதே இல்லை என்று எல்லோரும் வந்து கையைக் குலுக்கினார்கள்.